சி லைன் தலைகள்

சாக்கின் வாயை அவிழ்த்ததும் முதலில் வெளியே வந்தது நாற்றம்தான். பினாயில், புளித்த பால், எலிமூத்திரம் எல்லாம் சேர்ந்து ஊறிய நாற்றம். அதற்குப் பிறகே சாமான்கள் விழுந்தன. உடைந்த நாற்காலிக் கால்கள், பக்கெட் துண்டுகள், வாஷிங் மெஷின் மூடிகள், முடி ஒட்டிய சீப்புகள், ஒரு கக்கூஸ் தொட்டியின் மேல்மூடி. விக்டோரியா துப்பட்டாவை மூக்கோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு அவற்றை அள்ளி அரைவை இயந்திரத்தின் வாய்க்குள் தள்ளினாள். அது கடகடவென்று மென்று, மறுபக்கம் சாம்பல் நிறக் குருணையாகத் துப்பியது. தூள் அவள் இமைகளில் படிந்தது. எச்சில் விழுங்கினால் தொண்டையில் பிளாஸ்டிக் கசந்தது.

வெளியே இன்னும் சரியாக விடியவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு உருக்கும் ஆலைகள் ராத்திரி முழுக்கக் கக்கிய புகை கூரைகளுக்கு மேலே தாழ்ந்து நின்றது. அதற்குப் பின்னால் கிளம்பிய சூரியன் சீழ் கோத்த கட்டியைப் போலப் பழுத்திருந்தது.

குருணை அடுத்த கொட்டகைக்குப் போகும். அங்கே மெஷின் ஆபரேட்டர் மணவாளன் அதை உருக்கி அச்சில் அழுத்துவார். அச்சு திறக்கும்போது தலையளவு கருப்பு ஓடு ஒன்று ஆவி பறக்க வெளியே வரும். ஈஸ்வரி அதன் ஓரங்களைச் சீவி, உள்ளே மெல்லிய தெர்மாகோலைத் திணித்து, தாடை நாடாவை அறைவாள். ஷைனி பின்பக்கத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரையை ஒட்டுவாள். ஒரு ஹெல்மெட் ஆயிற்று.

கம்பெனிக்குக் கூரை ஒன்று, கேட் ஒன்று, முதலாளி ஒருவர். ஆனால் உள்ளே இரண்டு லைன்கள் ஓடின. ஏ லைனுக்குப் புதுக் குருணை வரும். அதில் வைக்கிற தெர்மாகோல் கட்டைவிரலால் அழுத்தினாலும் குழி விழாது. மேலே நெருப்புப் படமும் பருந்துப் படமும் பல நிறத்தில் ஏறும். துணிப்பைக்குள் போட்டு, கருப்பு அட்டைப் பெட்டியில் வைத்து, குளிரூட்டிய கடைகளுக்கு அனுப்புவார்கள். சி லைன் சரக்கைக் கோணியில் கட்டி நெடுஞ்சாலையோரப் பந்தல்களுக்கு அனுப்புவார்கள். போலீஸ் மடக்குமே என்ற பயத்தில் மட்டும் வாங்குகிறவர்களுக்கான சரக்கு அது. பி லைன் என்று ஒன்று இல்லை. ஏன் இல்லை என்று யாரும் கேட்டதும் இல்லை.

வேலைக்குச் சேருகிறவர்களுக்கு ஆளுக்கொரு சி லைன் ஹெல்மெட்டைக் கம்பெனியே இலவசமாகக் கொடுத்தது. அதைப் போடாமல் வண்டியில் வந்தால் கேட்டுக்குள் விடமாட்டார்கள்.

விக்டோரியாவின் தம்பி இம்மானுவேல் ஏ லைனில் பெயிண்ட் அடிக்கிறவன். பொன்னேரிப் பக்கம் ஊராரின் நிலத்தில் நாற்று நட்ட குடும்பத்தில் பிறந்த இருவரும் இப்போது ஒரே வண்டியில் வேலைக்கு வருகிறார்கள். திரும்பும்போது ஷிஃப்ட் ஒத்துவராது, தனித்தனியாகப் போவார்கள். பெயிண்ட் அறையில் அவனோடு நிற்கிறவர்கள் எல்லாரும் ஒடிசாக்காரர்கள். கம்பெனிக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் தங்கியிருப்பவர்கள். அவர்களிடம் அரைகுறை இந்தியில் பேசிச் சிரிக்க வைப்பது அவன் ஒருவன்தான்.

அன்று நாஷ்டா நேரத்தில் வழக்கமான சண்டை வந்தது.

"நான் அடிக்கிற பெயிண்ட்டுக்குத்தான்கா அவ்ளோ டப்பு குடுத்து வாங்குறாங்கோ. மத்தபடி ரெண்டும் ஒண்ணுதான்," என்றான் இம்மானுவேல். அவன் நகக்கண்களில் சிவப்பு காய்ந்திருந்தது.

"ஒண்ணா?" என்றாள் ஈஸ்வரி. "நான் திணிக்கிற தெர்மாகோல உன் கையில குடுக்கறேன். மோர்சோறு கணக்கா பெசையலாம்."

"அப்ப இன்னாத்துக்கு நீ அத்தயே போட்டுக்கினு வர?"

"கேட்ல வுடணுமே."

எல்லாரும் சிரித்தார்கள். மணவாளன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பர்மனெண்ட் ஆள். பொன்னேரிக்கு மேற்கே ஆரணிக்குப் பக்கத்தில் சொந்தமாக நெல்வயல் உள்ளவர். காண்டிராக்ட் ஆட்களோடு உட்கார்ந்து சாப்பிடுவாரே தவிர அவர்கள் பேச்சில் கலந்துகொள்ளமாட்டார். டப்பாவை மூடியபடி, "வாங்கறவன் பாத்து வாங்கணும். நமக்கு எதுக்கு அந்தப் பேஜாரு," என்றார்.

அன்று மாலை கவரைப்பேட்டைக்குச் சற்று முன்னால் இம்மானுவேல் விழுந்தான். வேகமெல்லாம் இல்லை. முன்னே போன கம்பி லாரி சடாரென்று பிரேக் போட, இவன் ஒடிக்க, சக்கரம் சாலையோர மணலில் சறுக்கியது. பக்கவாட்டில் சாய்ந்தான். தலை ஓரக் கல்லில் மோதியது. முழங்கையில் சிராய்ப்பு, கால் முட்டியில் சிராய்ப்பு. உடம்பில் வேறு காயமே இல்லை. ஆனால் ஹெல்மெட் இரண்டாகப் பிளந்திருந்தது. உள்ளே தெர்மாகோல் நசுங்கவில்லை, தூளாகியிருந்தது. தூளும் ரத்தமும் குழைந்து அவன் காதுக்குள் அப்பியிருந்தது.

பின்னால் வந்துகொண்டிருந்தவர் மணவாளன். அவர்தான் வண்டியைப் போட்டுவிட்டு ஓடி, நாடாவை அறுத்து, பிளந்த ஹெல்மெட்டை அவன் தலையிலிருந்து எடுத்தார்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மண்டையைத் திறந்து உறைந்த ரத்தத்தை எடுத்ததாக டாக்டர் சொன்னார். உயிருக்கு ஆபத்து தாண்டிவிட்டது, மற்றது போகப் போகத்தான் தெரியும் என்றார். கண் விழித்த இம்மானுவேல் பக்கத்தில் நின்ற தன் பெண்டாட்டி மோனிகாவைப் பார்த்து, "நர்சம்மா, தண்ணி," என்றான். விக்டோரியாவை யாரென்றே கேட்கவில்லை. மோனிகா அழவில்லை. தண்ணீரை ஸ்பூனால் ஊட்டினாள்.

கம்பெனியிலிருந்து முதலில் வந்தவர் எச்.ஆர். வசந்தகுமார். வார்டுக்குள் நுழைந்ததும் கட்டிலைப் பார்க்கவில்லை, கட்டிலுக்கு அடியில் பார்த்தார்.

"ஹெல்மெட் எங்கம்மா?"

"யாரு ஹெல்மெட்டு சார்?" என்றாள் விக்டோரியா.

"தம்பி போட்டிருந்தது. இன்சூரன்ஸுக்கு வேணும். கம்பெனி பொருள் இல்லையா அது?"

"என் தம்பி எப்பிடி கீறான்னு ஒரு வார்த்த கேக்கலியே நீங்க."

"அதான் டாக்டர் இருக்காரேம்மா. நீ ஹெல்மெட்ட எடு."

அது மணவாளனின் வண்டிப் பெட்டியில் இருந்தது. "எனுக்குத் தெரியாது," என்றாள். வசந்தகுமார் கட்டிலுக்கு அடியில் இன்னொரு முறை பார்த்தார். பிறகு வெளியே போய் யாருக்கோ போன் போட்டு, "பேப்பர்காரன் எவனும் வரல சார், நீங்க வரலாம்," என்று சொன்னது உள்ளே கேட்டது.

முதலாளி பூவராகவன் பழக்கூடையோடு வந்தார். மூக்கில் கைக்குட்டை. கூடையை மோனிகாவின் கையில் பாதியும் தன் கையில் பாதியுமாகப் பிடித்து நிற்க, வசந்தகுமார் படம் எடுத்தார். படம் சரியாக வந்ததா என்று பார்த்துக்கொண்ட பிறகு முதலாளி கூடையைக் கட்டிலின்மேல், இம்மானுவேலின் காலருகே வைத்தார். பேசிக்கொண்டே அதிலிருந்து ஒவ்வொரு திராட்சையாகப் பறித்து வாயில் போட்டுக்கொண்டார். கொட்டைகளை உள்ளங்கையில் துப்பி, ரத்தப் பஞ்சு கிடந்த தட்டில் உதறினார்.

"பாரும்மா, நல்ல ஹெல்மெட் போட்டிருந்தா எழுந்து நடந்து வந்திருப்பான். நம்ம ஏ லைன் இருக்கு, ஸ்டாஃப்புக்கு விலை குறைச்சுத் தர்றோம். ஒருத்தராவது வாங்குறீங்களா? செல்போனுக்குச் செலவு பண்ணுவீங்க, தலைக்குப் பண்ணமாட்டீங்க. கொஞ்சம் கூட ஆனாத்தான் என்ன, உயிரவிட காசு பெருசா?"

"நீங்க குடுத்ததத்தான் சார் போட்டிருந்தான்," என்றாள் விக்டோரியா.

"அது ஃப்ரீயா குடுத்ததும்மா." அவர் சிரித்தார். பற்களுக்கிடையே திராட்சைத் தோல் ஒட்டியிருந்தது. "ஃப்ரீன்னா அப்படித்தான் இருக்கும்."

விக்டோரியா வராந்தாவின் கோடியிலிருந்த குழாயடிக்கு ஓடினாள். குடித்த டீ முழுவதும் வெளியே வந்தது. வாயைக் கழுவினாள். கையைக் கழுவினாள். அந்த ஹெல்மெட்டுக்கான குருணையை அள்ளிப் போட்டவை இந்தக் கைகள்தான் என்று நினைத்ததும் மறுபடியும் சோப்பு போட்டுத் தேய்த்தாள். தோல் சிவந்ததே தவிர அருவருப்பு போகவில்லை. திரும்பி வந்தபோது முதலாளி போயிருந்தார். மோனிகா பழக்கூடையை எடுத்துப் போய்க் குப்பைத் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

காண்டிராக்ட் ஆள் அதிகம் லீவு போட்டால் இடம் போய்விடும். தம்பி கட்டிலில் கிடக்க, விக்டோரியா வேலைக்குத் திரும்பினாள். கேட்டுக்குள் நுழைந்ததும் நோட்டீஸ் பலகையில் தம்பியின் பெயரைப் பார்த்தாள். கவனக்குறைவாக வண்டி ஓட்டியதால் விபத்துக்குள்ளானான் என்றும், மற்றவர்கள் இதைப் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் எழுதியிருந்தது. அதற்குக் கீழே, இரண்டு கைகள் ஒரு ஹெல்மெட்டை ஏந்துகிற படம்.

வேலை தொடங்கும் முன் வசந்தகுமார் எல்லாரையும் வரிசையில் நிறுத்தினார்.

"சந்தோஷமான சமாச்சாரம். சாலைப் பாதுகாப்பு மாசம் வருது இல்லையா, நம்ம முதலாளி கிராமத்து ஜனங்களுக்கு ஹெல்மெட் இலவசமா குடுக்கப் போறார். ஆரணி, பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை மூணு ஊர்லயும் மேடை போட்டு விழா. சரக்கு நிறைய வேணும். இன்னிலேர்ந்து சி லைன் ரெண்டு ஷிஃப்ட் ஓடும்."

அவரே கை தட்டினார். வரிசையில் சிலர் தட்டினார்கள். ஈஸ்வரி தட்டவில்லை.

இயந்திரங்கள் ஓடத் தொடங்கின. முதல் ஓடு அச்சிலிருந்து வந்து ஈஸ்வரியின் மேசைக்கு நகர்ந்தது. அவள் அதைத் தொடாமல் நின்றாள். விக்டோரியா குருணைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து பார்த்தாள்.

"இன்னாடி ஆச்சு?"

"பொதட்டூர்பேட்ட எங்கம்மா ஊடுக்கா. எங்க அண்ணன் அன்புசெல்வன் தெனம் திருத்தணிக்கு வண்டியில போய்க்கினு வந்துகினு கீது. சும்மா குடுக்கறாங்கோன்னா மொத ஆளா போயி நிக்கும். தங்கச்சி கம்பெனி ஹெல்மெட்டுன்னு ஊரு பூரா சொல்லிக்கினு போட்டுக்கும்." அவள் ரிவெட் அடிக்கும் கருவியை மேசைமேல் வைத்தாள். "என்னால முடியாதுக்கா. என் கையால முடியாது."

ஷைனி முத்திரைச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் பார்த்தாள். சின்னப் பெண், சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "நீங்க அடிக்கலன்னா எனக்கு ஒட்டறதுக்கு ஒண்ணும் இல்லக்கா," என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க அடிச்சாலும் நான் ஒட்டமாட்டேன்," என்றாள்.

விக்டோரியா திரும்பிப் போனாள். அரைவை இயந்திரத்தின் வாய்க்குள் ஒரு நாற்காலிக் கால் துள்ளிக்கொண்டிருந்தது. சுவிட்சை அணைத்தாள். அது ஏதோ தொண்டையில் சிக்கியதுபோல ஒருமுறை கனைத்துவிட்டு அடங்கியது.

இப்போது மணவாளனின் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியில் மீதியிருந்த குருணையில் இன்னும் கொஞ்ச நேரம் ஓடும். அச்சு மூடியது, திறந்தது. ஓடு வந்தது. மறுபடி மூடியது, திறந்தது. எடுக்க ஆளில்லாமல் ஓடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. பெண்கள் மூவரும் அவரைப் பார்த்தபடி நின்றார்கள். அவர் பர்மனெண்ட் ஆள். அவருக்கு இழப்பதற்கு நிறைய இருந்தது.

மணவாளன் கையுறையைக் கழற்றினார்.

"அச்சுலேர்ந்து எடுத்தவன் நான். அவன் மண்டையிலேர்ந்து எடுத்தவனும் நான்தாம்மா," என்றார். "ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததுலேர்ந்து சோறு எறங்கல எனுக்கு." மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார்.

கொட்டகையில் அப்படியொரு அமைதி அதுவரை விழுந்ததில்லை. தூரத்தில் நெடுஞ்சாலையின் இரைச்சல் கேட்டது.

பூவராகவன் வந்தபோது சி லைன் ஆட்கள் எல்லாரும் கொட்டகைக்கு வெளியே முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வசந்தகுமார் அவருக்கு முன்னால் ஓடிவந்து, "எழுந்திரிங்க, எழுந்திரிங்க," என்று கையை ஆட்டினார். ஒருவரும் எழவில்லை.

"என்ன மணவாளன், நீயுமா? நீ விவசாயி. பொறுப்பான ஆளுன்னு நினைச்சேன்."

"அதான் சார் உக்காந்துகினு கீறேன்," என்றார் மணவாளன்.

"சரி, என்ன வேணும் உங்களுக்கு? கூலி கூட்டணுமா?"

"இம்மானுவேலு வைத்தியம் பூரா கம்பெனி பாக்கணும். அவன் மேல தப்புன்னு எழுதினத எடுக்கணும்," என்றாள் விக்டோரியா. "அப்புறம், ஏ லைனுக்கு வர குருணையும் தெர்மாகோலும்தான் சி லைனுக்கும் வரணும்."

முதலாளிக்கு நிஜமாகவே புரியவில்லை. வசந்தகுமாரைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அப்புறம் ஏ லைன எவன் வாங்குவான்?"

"பெயிண்ட்டுக்கு வாங்கட்டும் சார். கண்ணாடிக்கு வாங்கட்டும், பொட்டிக்கு வாங்கட்டும். மேல பூசுறதுக்கு இன்னா வெல வேணா வெச்சிக்கங்க. உள்ள கீறதுக்கு வெக்காதீங்க. மண்ட எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"இதப் பாரும்மா." அவர் பாக்கெட்டிலிருந்து புதினா மிட்டாய் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். குரல் பள்ளிக்கூட வாத்தியாருடையதைப் போல மென்மையாகியது. "உலகத்துல எல்லாமே அப்படித்தான். அதிக விலை குடுக்கறவனுக்கு அதிகப் பாதுகாப்பு. சி லைன் வாங்குறவனால அவ்வளவுதான் முடியும். நான் அதையும் போடலைன்னா அவன் வெறும் தலையோட போவான். நான் அவனுக்கு உபகாரம் பண்றேன்."

"வெறுந்தலையோட போறவனுக்குத் தன் தல வெறுந்தலன்னு தெரியும் சார்," என்றாள் விக்டோரியா. "பயந்துகினு மெதுவா போவான். நீங்க அவன் பயத்த எடுத்துட்டு, உள்ள ஒண்ணியும் வெக்காம அனுப்புறீங்க. அதுவா உபகாரம்? திருடறதவிட கேவலம் சார் இது."

மிட்டாய் அவர் கன்னத்தில் நகர்வது நின்றது.

"முத்திரை இருக்கும்மா அதுல. கவர்மெண்ட் முத்திரை."

"ஒட்றது என் கை சார்," என்றாள் ஷைனி. "இனிமே ஒட்டாது."

"நீ ஒட்டலைன்னா ஒட்ட ஆளா இல்ல?" முகத்திலிருந்த மென்மை போய்விட்டது. "நாத்து நட்டுக்கிட்டு சேத்துல கிடந்த ஜனங்கள கூட்டியாந்து, ஃபேனுக்கு அடியில நிக்கவெச்சு சோறு போட்டேன் பாரு, என்னச் சொல்லணும். வசந்த், பின்னால இருக்கற பசங்கள கூட்டிட்டு வா. ஒடிசாக்காரன் வாயத் திறக்காம வேலை செய்வான். இவங்க இங்கயே உக்காந்து சாகட்டும்."

சேற்றில் கிடந்த ஜனம் என்ற சொல் முற்றத்தில் விழுந்து கிடந்தது. அதை எடுத்துத் திருப்பி எறிய விக்டோரியாவுக்கு வாய் வந்தது. எறியவில்லை. சளியை மிதிக்காமல் தாண்டிப் போகிறவளைப் போல அதைத் தாண்டி, ஈஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வசந்தகுமார் பெயிண்ட் அறையிலிருந்தவர்களை ஓட்டிக்கொண்டு வந்தார். பத்துப் பதினைந்து இளைஞர்கள். முகமூடிகள் கழுத்தில் தொங்கின. புருவங்களில் நீலமும் சிவப்பும் படிந்திருந்தன. "சலோ, சலோ, மெஷின் சாலு கரோ," என்று மெஷினை ஓட்டச் சொல்லி அவர் கத்த, அவர்கள் உட்கார்ந்திருந்தவர்களைச் சுற்றிக்கொண்டு கொட்டகையின் வாசலை நோக்கி நடந்தார்கள். மணவாளன் தலையைக் குனிந்துகொண்டார். இது இவ்வளவுதான் என்று அவர் தோள்கள் சொல்லின.

முன்னால் போனவன் நின்றான். திபாகர் என்று பெயர். ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பான். திரும்பி விக்டோரியாவிடம் வந்தான்.

"தீதி," என்று இந்தியில் அக்கா என்றான். தமிழைத் தேடினான். "இம்மான் பாய்... எப்டி?"

இத்தனை நாளில் கம்பெனியில் அதைக் கேட்ட முதல் ஆள் அவன். விக்டோரியா தன் நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டினாள். பிறகு தன் முகத்தைக் காட்டி, இல்லை என்று கையை விரித்தாள். அவனுக்கு என்னைத் தெரியவில்லை என்பதை வேறு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் திபாகருக்குப் புரிந்துவிட்டது. அவன் கண்கள் கொட்டகைக்குள் குவிந்து கிடந்த கருப்பு ஓடுகளின்மேல் போய் நின்றன.

"ஏய், சலோ," என்றார் வசந்தகுமார்.

திபாகர் தன் ஆட்களிடம் ஒடியாவில் ஏதோ சொன்னான். நீளமான பேச்சு இல்லை. ஒருவன் எதிர்த்துப் பேசினான். தகரக் கொட்டகையின் பக்கம் கையைக் காட்டினான். இருக்க இடம் போய்விடும் என்பதைத்தான் சொல்லியிருப்பான். திபாகர் அவன் தோளில் கை வைத்து இன்னொரு வார்த்தை சொன்னான். பிறகு மணவாளனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். ஒவ்வொருவராக மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். எதிர்த்துப் பேசியவன் கடைசியாக, சற்றுத் தள்ளி உட்கார்ந்தான். ஈஸ்வரி நகர்ந்து அவனுக்கு நிழலில் இடம் விட்டாள்.

ஏ லைனும் நின்றுபோயிற்று.

பூவராகவன் போனை எடுத்துக்கொண்டு காருக்குப் போனார். போலீஸுக்குத்தான் பேசுகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. வேலை போகலாம். தகரக் கொட்டகையைக் காலி செய்யச் சொல்லலாம். வேறு எங்கோ ஒரு கொட்டகையில் இதே ஹெல்மெட்டை வேறு கைகள் அடிக்கத் தொடங்கலாம். இம்மானுவேல் தன் அக்காவை அடையாளம் காண எத்தனை காலமாகும், காண்பானா என்பதும் யாருக்கும் தெரியாது.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மணவாளன் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, இட்லியைப் பிட்டு, திபாகரின் கையில் வைத்தார். மீதியை விக்டோரியாவின் பக்கம் நகர்த்தினார்.

"துன்னுமா," என்றார். "ஜீப்பு வர நேரமாவும். வெறும் வயித்தோட இன்னா பேசுவ?"

விக்டோரியா ஒரு துண்டு எடுத்துக்கொண்டு டப்பாவை ஷைனியிடம் கொடுத்தாள். கேட்டுக்கு வெளியே பக்கத்துக் கம்பெனியின் ஷிஃப்ட் விட்டிருந்தது. போகிறவர்கள் நின்று கம்பிகளின் வழியே எட்டிப் பார்த்தார்கள். இன்னா விஷயம் என்று ஒருவர் கேட்டார். விக்டோரியா எழுந்து, சொல்வதற்காகக் கேட்டை நோக்கி நடந்தாள்.